நாயகம் இருக்கிறான் என்று வைத்துக்கொள்

ஓட்டுநர் இல்லாத பேருந்து ஒன்று எங்கள் ஆலடிக்குளம் டிப்போவிலிருந்து எட்டு மாதம் ஓடியது; காலை ஆறு பத்துக்குக் கிளம்பி மேலமலையடி போய், திரும்பி, மறுபடி போய், மறுபடி திரும்பி, சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குத் தன் இடத்தில் வந்து தானே நின்றுகொள்ளும்; ஒரே ஒரு நாள் மூன்று நிமிடம் தாமதமாகக் கிளம்பியதைத் தவிர அதன்மேல் நான் ஒரு குறையும் எழுதியதில்லை, எழுதியிருந்தால் அது என் கையெழுத்தில்தான் இருந்திருக்கும், ஏனென்றால் டிப்போ வாசலில் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் நேரம் எழுதுகிற டைம் கீப்பர் நான்தான். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். எங்கள் ஊரில் யாரும் பிளக்கவில்லை. வண்டி வருமா வராதா என்று வெயிலிலும் மழையிலும் ரோட்டோரம் நின்றே ஆயுசைக் கழித்த ஜனம் எங்கள் ஜனம். வந்தால் ஏறுவார்கள், யார் ஓட்டுகிறார் என்று எட்டிப் பார்த்துவிட்டு ஏறுகிற வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது.

ஆவுடையம்மாளுக்கு என் பக்கத்து அறை. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான், அவள் பெருமூச்சு விட்டால் எனக்குக் கேட்கும். எந்த வண்டிக்கு எந்த ஓட்டுநர், எந்த நடத்துநர் என்று தினமும் டூட்டி லிஸ்ட் போடுவது அவள் வேலை, அதை அவள் ஒரு கம்ப்யூட்டரை வைத்துப் போட்டாள். அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்த நிரல் எங்கேயோ படித்தவர்கள் எழுதி ஊருக்குப் பொதுவாக விட்டது. அதனிடம் நிபந்தனைகளை வரிவரியாகச் சொல்லி, இவை எல்லாம் ஒன்றுசேர்ந்து நிற்குமா என்று கேட்டால், அது ஆகும் என்றோ ஆகாது என்றோ சொல்லும், ஆகும் என்றால் எப்படி ஆகும் என்று ஒரு லிஸ்டும் போட்டுக் கொடுக்கும். நாங்கள் அதைப் பெட்டி என்றோம். கல்யாணப் பொருத்தம் பார்க்கிற ஜோசியர் பத்து பார்ப்பார், பெட்டி நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பார்த்தது.

ஆனால் அதற்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு முறையும் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் முதல் வரியிலிருந்து வாசித்து முடித்தால்தான் வாயைத் திறக்கும், திறந்து ஒரு பதில் சொன்னதும் வாசித்தது அத்தனையையும் மறந்துவிடும். ஒரு ஆளை மாற்ற வேண்டுமென்றாலும் மறுபடி முதலிலிருந்து, ரெண்டரை மணி நேரம். பெரிய மனிதர் தாமதமாக வந்தார் என்பதற்காகக் கதாகாலட்சேபத்தை மறுபடி பிள்ளையார் சுழியிலிருந்து தொடங்குகிற பாகவதர் மாதிரி.

அந்த வரிகளில் முதல் வரி எங்கள் டிப்போவின் பழைய வழக்கம்: ஒரு வீட்டு ஆட்கள் ஒரே வண்டியில் வேண்டாம். எப்போதோ ஒரு மழைக்காலத்தில் அண்ணன் ஓட்ட, தம்பி டிக்கெட் கொடுக்க, மலை வளைவில் வண்டி கவிழ்ந்து, ஒரே வீட்டில் இரண்டு பாடை எடுத்தார்களாம். அன்றிலிருந்து, வேலை பார்க்கிறவர்களானாலும் சரி, அவர்கள் வீட்டு ஆட்களானாலும் சரி, ஒரு வீட்டுக்கு ஒரு வண்டியில் ஒருவர்தான். அழுவதற்காவது ஒருவர் மிஞ்ச வேண்டும் என்பார்கள். ஆவுடை பெட்டிக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான், ஏனென்றால் அவள் தம்பி கோமதிநாயகமும் இதே டிப்போவில் ஓட்டுநர்.

அக்காவுக்கும் கல்யாணமாகவில்லை, தம்பிக்கும் ஆகவில்லை. அவளுக்கு நாற்பத்து நாலு, அவனுக்கு நாற்பத்து ஒன்று. பிள்ளையார் கோவில் தெருவில் ஒரு சின்ன வீடு. காலையில் அவள் நாலடுக்குக் கேரியரில் அவனுக்குச் சோறு கட்டுவாள், சாயங்காலம் அவன் அதைக் கழுவாமல் கொண்டுவந்து அடுப்படியில் வைப்பான், அவள் வைவாள். இருபது வருஷமாக அந்த வீட்டில் நடந்த பேச்சில் பாதி அந்தக் கழுவாத கேரியரைப் பற்றித்தான் இருக்கும்.

ஒரு பங்குனிச் செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து இருபது இருக்கும், நாயகம் அவள் ஜன்னலில் வந்து நின்றான்.

"அக்கா, நெஞ்சு ஒரு மாதிரிப் பிடிச்சிருக்கு. இன்னைக்கு வேற ஆளப் போட முடியுமா?"

"இப்பதாம்டே வாசிச்சு முடிச்சு லிஸ்ட் வந்திருக்கு. மாத்தணும்னா மறுபடி மொதல்லேருந்து, ரெண்டரை மணி நேரம் ஆவும். வாயுவா இருக்கும், சுக்குத் தண்ணி குடிச்சிட்டுப் போ."

அவன் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். ஆறு பத்துக்கு வண்டியை எடுத்தான், நான் எழுதினேன். மேலமலையடியில் எல்லோரையும் இறக்கிவிட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவ்வளவுதான். யாரும் ஆவுடையை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள், சண்டை போட்டிருப்பாள், கொஞ்சம் ஆறியிருப்பாள். நாங்கள் நல்லவர்களாக இருந்து அவளைத் தனியாக விட்டுவிட்டோம்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து வேலைக்கு வந்தவள் பெட்டியிலிருந்து நாயகத்தின் வரிகளை அழித்தாள். பிறகு மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், வண்டிகளெல்லாம் ரோட்டில் இருக்க டிப்போ வெறிச்சென்று கிடக்கும் நேரத்தில், பெட்டியின் உள்ளே கை வைத்தாள். பாலிடெக்னிக்கில் படித்தது போக மீதியைப் புத்தகம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, ஆனி ஆடி போயிற்று. தடுப்புக்கு அந்தப் பக்கம் விசைகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, பேச்சுச் சத்தம் மட்டும் இல்லை.

என்ன செய்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். நாலடுக்குக் கேரியர் ஒன்று அவள் மேஜைமேல் இருந்தது, நாயகத்தினுடையதுதான், அதில் இப்போது பேனா பென்சில் போட்டு வைத்திருந்தாள். அதை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அண்ணாச்சி, இனிமே இதுகிட்ட ஒரு வரி சொன்னா ஒரு வரியக் கேட்டுக்கிடும். மொத்தத்தையும் சொல்லி முடிக்கட்டும்னு காத்துக்கெடக்காது. கேட்டத மறக்கவும் செய்யாது. அடுத்த நாள் அடுத்த வரியச் சொன்னா, நேத்து விட்ட எடத்துலேருந்து பிடிச்சுக்கிடும்."

"தப்பா ஒண்ணச் சொல்லிட்டா?"

"அதுக்குத்தான் வச்சுக்கோ, எடுத்துரு அப்படின்னு ரெண்டு வார்த்தை. ஒண்ண இப்படி இருக்குன்னு வச்சுக்கோன்னு சொல்லுவோம். அதுக்கு மேல சொல்லுததெல்லாம் அது மேலயே அடுக்கா ஏறும்." கேரியரின் அடுக்குகளை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினாள். "பொறவு எடுத்துருன்னா, வச்சதும் போவும், அதுக்கு மேல ஏறினதும் போவும். அடியில இருக்க சோத்த எடுக்கணும்னா மேல இருக்க குழம்பு, கூட்டு எல்லாத்தையும் இறக்கித்தான ஆவணும்?"

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அது வேலை செய்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். சோதித்துப் பார்க்க எத்தனையோ கேட்டிருக்கலாம், அவள் விரல் போன இடம் ஒன்றுதான். கோமதிநாயகம் இருக்கிறான் என்று வைத்துக்கொள், என்று அடித்தாள். ஆகுமா, என்று கேட்டாள்.

ஆகும், என்றது பெட்டி. கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

ஆவுடை அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவன் செத்துப் போனாம்னு நான் இதுகிட்டச் சொல்லவே இல்ல அண்ணாச்சி. அவன் பேர எடுத்தேன், அவ்வளவுதான். சொல்லவே இல்ல" என்றாள். எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வேலாயுதம் கூப்பிட்டு யாருக்கோ கல்யாண லீவு என்றார், அவள் அதை அடித்தாள், அது நாயகத்தின் மேல் ஏறியது. இன்னொருவருக்கு மலைப் பாதை வேண்டாம் என்றார், அதுவும் ஏறியது. சாயங்காலத்துக்குள் ஆறு வரி. எடுத்துவிடச் சொல்ல மறந்துவிட்டாளா, மறந்த மாதிரி இருந்துவிட்டாளா என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை லிஸ்டில் ஆறு பத்து, பதினேழாம் நம்பர், ஓட்டுநர் கோமதிநாயகம், நடத்துநர் இசக்கிமுத்து என்று இருந்தது. மேனேஜர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார், அது அவருடைய ஆயுள்காலப் பழக்கம். இசக்கிமுத்து பையை மாட்டிக்கொண்டு போனான், வண்டி உறுமிக்கொண்டு நின்றது, ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது, ஆனால் மெத்தை ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியிருந்தது. இசக்கிமுத்து ஒரு நிமிடம் தலையைச் சொறிந்தான். பிறகு இரட்டை விசில் கொடுத்தான். வண்டி போயிற்று, ஆறு பத்து என்று எழுதினேன்.

முதல் வாரம் சிலர் முன் இருக்கையில் உட்காரத் தயங்கினார்கள், இரண்டாம் வாரம் முன் இருக்கைக்குச் சண்டை போட்டார்கள். வண்டி நாயகம் ஓட்டுகிற மாதிரியே ஓடியது: புளியமரத்து வளைவில் மெதுவாகும், அம்மன் கோவில் வந்தால் இரண்டு முறை ஹாரன் அடிக்கும், ஸ்டாப்பே இல்லாத வாய்க்கால் பாலத்தில் மோர்க்காரி கை காட்டினால் நிற்கும். உயிரோடு இருக்கும்போதே நாயகம் மாட்டுவண்டி வேகம்தான், இப்போது கேட்கணுமா என்று அவசரக்காரர்கள் முணுமுணுத்தார்கள். செக்கிங் இன்ஸ்பெக்டர் வழியில் ஏறி எல்லோருடைய டிக்கெட்டையும் பார்த்துவிட்டு, ஓட்டுநர் சீருடையில் இல்லை, ஓட்டுவது நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். யூனியன்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, சீருடை கொடுக்காமல் விட்டது யார் குற்றம் என்று கேட் முன்னால் கோஷம் போட்டு, நாயகம் பெயருக்கு இரண்டு காக்கித் துணி வாங்கி ஆவுடையிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மழை பெய்தால் ஓட்டுநர் பக்கத்து வைப்பர் மட்டும் ஓடியது. பொங்கலுக்கு யாரோ ஸ்டியரிங்கில் கரும்பு கட்டினார்கள், பாதி வழியில் அது அவிழ்ந்து இசக்கிமுத்துவின் மடியில் வந்து விழுந்தது. நாயகத்துக்கு எப்போதும் கண்ணாடியை மறைத்தால் பிடிக்காது.

இன்னொன்றும் நடந்தது. பெட்டி ஆகும் என்றால் ஊரில் ஆயிற்று, ஆகாது என்றால் ஆகவில்லை. டூட்டிக்கு மட்டம் போட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போன செல்லத்துரை, இடைவேளையில் வெளியே வந்து கடலை வாங்கித் திரும்பினால், வண்டிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கையில் கடலை. அதற்குப் பிறகு எல்லோரும் ஆவுடை ஜன்னலுக்கு வந்து தங்கள் வரியைச் சொன்னார்கள். மாரிபுஷ்பம் கைக்குழந்தைக்காரி, அவளுக்குச் சாயங்கால டூட்டி வேண்டாம். பீர்முகமது நோன்பு திறக்கிற நேரம் வீட்டில் இருக்க வேண்டும். மேலமலையடி நர்சம்மா வரும்வரை கடைசி வண்டி ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். ஒரு தடவை சொன்னால் போதும், அடுத்த மாதம் மறுபடி வந்து கெஞ்ச வேண்டாம். ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொல்லியே தொண்டை வறண்ட ஜனத்துக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி. ஊரே சாந்தமாகிவிட்டது. நாயகத்தின் மேல் முந்நூற்றுப் பதினெட்டு வரிகள் ஏறின.

ஊருக்கு நாயகம் கிடைத்தான். ஆவுடைக்குக் கிடைக்கவில்லை.

சாயங்காலம் வண்டி வந்து நிற்கும், அவள் ஓடிப்போய்ப் பார்ப்பாள், மெத்தை மெல்ல நிமிர்ந்துகொள்ளும், கதவு திறக்காது, யாரும் இறங்க மாட்டார்கள். பெட்டிக்குத் தெரிந்தது ஓட்டுநர் கோமதிநாயகம். வீட்டுக்கு வந்து கேரியரை வைக்கிற நாயகத்தைப் பற்றி அதற்கு யாரும் ஒரு வரி சொன்னதில்லை. அவள் பேனா பென்சிலை எடுத்துவிட்டு அந்தக் கேரியரில் மறுபடி சோறு கட்டி இசக்கிமுத்துவிடம் கொடுத்தாள். முதல் நாள் சாயங்காலம் காலியாக வந்தது, பளபளவென்று கழுவித் துடைத்து. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருபது வருஷத்தில் நாயகம் ஒரு நாள் கேரியர் கழுவியதில்லை. அவளைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று இசக்கிமுத்துதான் சாப்பிட்டிருக்கிறான் என்று புரிந்தும், அவன் சங்கடப்படக் கூடாது என்று அவள் தினமும் கட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

கார்த்திகையில் ஒரு நாள் லீவு போட்டு, தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து ஆறு பத்தில் ஏறி, ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். வண்டி அணைந்தது. இசக்கிமுத்து விசில் கொடுத்தான், வண்டி அசையவில்லை. அவள் இறங்கினாள், உறுமியது. ஏறினாள், அணைந்தது. மூன்றாம் முறை ஏறியபோது, கூடையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் சொன்னாள்.

"எக்கா, சந்தைக்கு நேரமாவுது. இறங்கிக்கிடுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

ஆவுடை இறங்கினாள். நான் ஆறு பதிமூன்று என்று எழுதினேன், அந்த ஒரு நாள்தான். ஒரு வீட்டு ஆட்கள் ஒரே வண்டியில் வேண்டாம். அவளே சொல்லிக்கொடுத்த முதல் வரி, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. அதை எடுக்க வேண்டுமென்றால் மேலே இருப்பது அத்தனையும் இறங்க வேண்டும், நாயகமும் சேர்த்து. ஊரில் மோர்க்காரி அவனோடு போகலாம், சந்தைக்காரி போகலாம், கோழிக்கூடைகூடப் போகலாம், அவள் போக முடியாது. அன்றிலிருந்து அவள் தினமும் ஆறு பத்துக்கு என் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். வண்டி அவளைத் தாண்டிப் போகும். கோவிலுக்கு இரண்டு ஹாரன் அடிக்கிற வண்டி அவளுக்கு ஒன்றுகூட அடித்ததில்லை. நான் தலையைக் குனிந்து நேரம் எழுதுவேன். ஏதாவது பேசியிருக்கலாம், பேசவில்லை, அது என்னை இன்றைக்கும் அரிக்கிறது.

வாசலில் வேப்பமரத்தடியில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள், அருளப்பனும் அவன் மைத்துனன் சந்தியாகுவும். இருவரும் ஓட்டுநர்கள், இருவருக்கும் சேர்த்து ஒரே தாளில் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. ஒன்று ஓய்வு பெற்ற சுப்பையாவின் இடம், மற்றது நாயகத்தின் இடம். தாள் ஒன்று என்பதால் இரண்டு இடமும் காலியாக இருந்தால்தான் இருவரையும் சேர்க்கலாம், ஒருவரை மட்டும் சேர்க்க முடியாது என்பது தலைமை அலுவலகத்தின் சட்டம். நாயகம்தான் தினமும் வண்டி ஓட்டுகிறானே. செங்கல் சூளையில் மண் மிதித்துவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை அருளப்பன் ஜன்னலில் வந்து கேட்பான்.

"எக்கா, எடம் காலி ஆயிருக்கா?"

"இல்ல தம்பி" என்பாள் ஆவுடை, முகத்தைப் பார்க்காமல்.

சித்திரை மாதம், அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை. ஐந்து இருபதுக்கு பீர்முகமது ஜன்னலில் வந்து நின்றான். அவனுக்கு ஐந்தே முக்காலுக்கு மலை வண்டி. முகமெல்லாம் வேர்வை, இடது கை மார்பில்.

"எக்கா, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்கி. இன்னைக்கு வேற ஆளப் போட முடியுமா?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. நான் ஓடினேன். ஆவுடை நின்றுகொண்டே அடித்துக்கொண்டிருந்தாள்: பீர்முகமதுக்கு இன்று ஓய்வு. ஆகுமா?

ஆகாது. கண் இமைக்கிற நேரம்.

"லிஸ்டாவது மண்ணாங்கட்டியாவது, நீ ஆஸ்பத்திரிக்குப் போலே" என்று நான் பீர்முகமதுவின் தோளைப் பிடித்து கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டேன். அவன் ரோட்டைப் பார்த்து நடந்தான். நாலு எட்டு வைத்தான், ஐந்தாவது எட்டில் மலை வண்டியின் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தான், மறுபடி வெளியே விட்டேன், மறுபடி படிக்கட்டு. அவன் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது.

உள்ளே ஆவுடை, எவையெல்லாம் ஒன்றோடொன்று சேரவில்லை என்று பெட்டியைக் கேட்டிருந்தாள். புதியவர்களை விட்டால் மலை வண்டிக்கு மிச்ச ஆள் கிடையாது, அது மூன்று வரிகளைக் காட்டியது. பீர்முகமதுக்கு இன்று ஓய்வு. இரண்டு இடம் காலியானால்தான் புதியவர்கள் இருவரும் சேரலாம். கோமதிநாயகம் இருக்கிறான் என்று வைத்துக்கொள்.

அறை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோருக்கும் அந்த மூன்றாவது வரி தெரிந்தது, அதை எடுத்தால் என்னென்ன போகும் என்பதும் தெரிந்தது. மாரிபுஷ்பம் இடுப்புக் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். மேனேஜர், தலைமை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்போமா என்றார். இசக்கிமுத்துதான் வாய்விட்டு அழுதான்.

"எக்கா, வேண்டாம்க்கா. எட்டு மாசமா நாயகம் அண்ணன் பக்கத்துல நின்னுட்டு வாரேன். அவிய பேச மாட்டாவதான், ஆனா இருக்காவ."

"கேரியர நீதான கழுவுன?" என்றாள் ஆவுடை, திரும்பாமல்.

அவன் தலை குனிந்தான்.

"அண்ணாச்சி, மணி என்ன?"

"அஞ்சு இருவத்தாறு."

"அன்னைக்கும் எனக்கு நேரம் இருந்துச்சு" என்றாள். "கையால ஒரு பேர அடிச்சிட்டு இன்னொரு பேர எழுத எவ்வளவு நேரம் ஆவும் அண்ணாச்சி? நான்தான் மறுபடி வாசிக்கணுமேன்னு சலிச்சுக்கிட்டேன். அவன் சரின்னு தலையாட்டிட்டுப் போனான்."

எடுத்துவிடு, என்று அடித்தாள். நிச்சயமா என்று கேட்கிற பழக்கத்தை அவள் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. முந்நூற்றுப் பதினெட்டு வரிகளும் போயின, பீர்முகமதுவின் ஓய்வும் போயிற்று, அவற்றுக்கு அடியில் இருந்த நாயகமும் போனான். பிறகு ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, எழுத்து எழுத்தாக, ஒரு விரலால் அடித்தாள். கோமதிநாயகம் இறந்துவிட்டான். அடுத்து, அருளப்பனும் சந்தியாகுவும் சேர்ந்தார்கள். அடுத்து, பீர்முகமதுக்கு இன்று ஓய்வு. ஆகுமா?

ஆகும்.

படிக்கட்டைப் பிடித்திருந்த பீர்முகமதுவின் கை தானாக விட்டது, இரண்டு பேர் தாங்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதாக மத்தியானம் சேதி வந்தது. அவன் இன்றைக்கும் மலை வண்டி ஓட்டுகிறான். மேனேஜர் உத்தரவுத் தாளில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார், அந்தப் பழக்கம் ஒரு நாளாவது உதவியது. சந்தியாகு மலை வண்டிக்கு ஓடினான்.

ஆவுடை நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். "நாளைலேருந்து வந்து ஒவ்வொருத்தரா மறுபடி சொல்லுங்க. எத்தனை நாள் ஆனாலும் இருந்து கேக்கேன்" என்று மாரிபுஷ்பத்திடம் சொன்னாள். பிறகு எழுந்து வெளியே போனாள்.

ஆறு பத்து வண்டி எட்டு மாதத்தில் முதல் முறையாகத் தானே உறுமாமல் நின்றது. அருளப்பன் ஏறி இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான், நாயகம் உயரமானவன், அவன் கால் நீளத்துக்கு அது பின்னால் தள்ளியே இருந்தது. ஆவுடை வழக்கம்போல் என் ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய், வண்டியில் ஏறி, ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, நீங்களா? எடுக்கட்டுமா?" என்றான் அருளப்பன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வீட்டு ஆட்கள் ஒரே வண்டியில் வேண்டாம் என்ற முதல் வரி பெட்டியில் அப்படியேதான் இருந்தது, நாயகம் வண்டியில் இருந்தால் அது கிளம்பாது, அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். முப்பத்தோரு வருஷ வேலையில் ஒரு வண்டி கிளம்பாமல் இருக்க வேண்டும் என்று நான் சாமியைக் கும்பிட்டது அந்த ஒரு தடவைதான். சந்தைக்காரிகூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

அருளப்பன் சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பிவிட்டது. கேட்டைத் தாண்டும்போது அவள் தலையைக் கம்பியில் சாய்த்து அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தேன், ஆறு பத்து என்று எழுதினேன்.